கல்விக் காவலரின் பீரோ

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. பச்சை வண்ணம், கதவில் ஒட்டிய கஜலட்சுமி படம். ஆயுத பூஜைக்கு ஆய்வகத்து மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைக்க மறந்திருக்கிறார்கள். பீரோவுக்கு மறந்ததே இல்லை. சந்தனம், குங்குமம், ரோஜா மாலை என்று அன்றைக்கு அது மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். ஆசிரியர்கள் நாங்களும் வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம். போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி வாங்கிய பட்டங்கள் வரைக்கும், அசல் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன.

தனியார் கல்லூரியில் சேருகிற ஆசிரியர் அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கும் எழுதி வைக்காத சட்டம். பாதி வருஷத்தில் வேறு வேலை கிடைத்து ஓடிவிடக் கூடாது அல்லவா. நான் சேர்ந்த அன்று மேலாளர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். "வீட்டுல இருந்தா கரையான் அரிச்சிரும் மேடம். மழை வந்தா ஒழுகும். இங்கன்னா கவலையில்ல பாருங்க" என்றார். என் வீட்டில் கரையானும் கிடையாது, ஒழுகலும் கிடையாது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

கல்லூரியின் நிறுவனரை எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஐயா என்பார்கள். ஒரு முறை சட்டமன்ற உறுப்பினர், அதன் பிறகு பல முறை வேட்பாளர். திருக்காட்டுப்பள்ளிக்குப் போகும் வழியில், வாய்க்காலுக்கும் சாலைக்கும் நடுவில், இரண்டு போகம் விளைந்துகொண்டிருந்த வயலில் முதலில் பொறியியல் கல்லூரிதான் கட்டினார். வீட்டுக்கு ஓர் இன்ஜினியர் வந்தபின் சேருவதற்கு ஆள் இல்லாமல் போய், அதே கட்டிடம் கலை அறிவியல் கல்லூரியானது. பழைய பட்டறைதான் தமிழ்த்துறை. ஒரு லேத் மெஷினை மட்டும் பெயர்க்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அதன் மேல் சாக்பீஸ் டப்பாவை வைத்துக்கொண்டு நான் யாப்பிலக்கணம் நடத்தினேன். மழைக்காலத்தில் மெஷினிலிருந்து எண்ணெய் வாடை வரும், வெண்பாவுக்கும் அதே வாடைதான்.

பேருந்து நிலையத்துத் தட்டிகளில் ஐயாவின் பெயருக்கு முன்னால் கல்விக் காவலர், கல்வித் தந்தை, கல்விக் கடல் என்று மூன்று பட்டங்கள் இருக்கும். படித்தது என்னவோ பள்ளி இறுதி வரைக்கும்தான். அதை அவர் மறைத்ததும் இல்லை. மேடைக்கு மேடை அவரே சொல்வார், கைதட்டும் வாங்குவார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தத் துக்க வீட்டுக்கும் போகாமல் இருந்ததில்லை. அப்பாவை இழந்த மாணவிகளிடம் கட்டணம் கேட்டதில்லை. ஒருவரைத் திட்டவும் முடியாமல் கும்பிடவும் முடியாமல் அவரிடமே வேலை பார்ப்பது எவ்வளவு எரிச்சலான காரியம் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கையில் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன். தஞ்சாவூரில் சான்றிதழ் சரிபார்ப்பு, அசலோடு நேரில் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. அசல் இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் எனக்கொரு தோழி. அவளுக்கு இப்படித்தான் முன்பு ஓர் அரசு வேலை வந்தது. இன்று, நாளை என்று அலுவலக வாசலில் நின்றே அவளுடைய நாள் கடந்துபோனது. "நீயாச்சும் விடாம புடுச்சுக்கடி" என்றாள் அவள்.

மேலாளரிடம் போனேன். "ஐயா ஒரு வார்த்த சொல்லட்டும் மேடம். நானே வீட்டுல கொண்டாந்து குடுக்கறேன்" என்றார். ஐயா வீட்டுக்குப் போனேன். காலையில் அவர் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மாற்றல் கேட்டு வருபவர், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று வருபவர், பத்திரிகை வைக்க வருபவர் எல்லோருக்கும் காபி உண்டு. எல்லோருக்கும் "ஆகட்டும்" என்ற பதிலும் உண்டு. நானும் காபி குடித்தேன். எனக்கும் ஆகட்டும் என்றார். துள்ளிக் குதித்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினால் அவர் சிரித்தார். "அது எல்லாருக்கும் சொல்றதுங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

அடுத்த வாரம் ஐயாவே கூப்பிட்டனுப்பினார். அவருடைய பவள விழா வந்துகொண்டிருந்தது. விழா மலரில் அவருடைய வாழ்க்கை வரலாறு வர வேண்டும்.

"நீங்கதாம்மா எழுதணும். வேற எவன எழுதச் சொன்னாலும் கலர் கலரா பொய் எழுதுவான்."

"நான் எழுதினா ஐயா?"

"நீங்க எழுதினா பொய்யும் நெசம் மாதிரி இருக்கும். மலர் வெளிய வரட்டும், உங்க விஷயத்த நான் பாத்துக்கறேன்."

விழாவுக்கு மறுநாள் எனக்குச் சரிபார்ப்பு. வேறு வழி? தினமும் காலையில் போர்ட்டிகோவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அவர் சொல்வார், அவர் மனைவி காபி டம்ளரோடு வந்து திருத்துவார்.

"மொழிக்காக நான் செறைக்குப் போனத போடுங்கம்மா" என்பார் ஐயா.

"எந்தச் செற? கல்யாண மண்டபத்துல வச்சு சாயங்காலம் விட்டுட்டாங்க. உப்புமா வேகலன்னு அங்கயும் கத்திட்டுத்தான வந்தீங்க" என்பார் அந்த அம்மா உள்ளே போய்க்கொண்டே.

நான் "கொடுஞ்சிறையிலும் அநீதியைக் கண்டு கொதித்தார்" என்று எழுதினேன். உப்புமாவும் அநீதிதானே. அவர் கட்சி மாறிய கதைக்கு வந்தபோது கொஞ்சம் திணறினேன். பிறகு, "ஐயா ஒருபோதும் கட்சி மாறியதில்லை, கட்சிகள்தாம் அவரை விட்டு விலகிச் சென்றன" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். தொடையில் தட்டி ரசித்தார். பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சிபாரிசு கேட்டு வந்திருந்த விவசாயி ஒருவர், தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள் நனைகிற கவலையையும் மறந்து சிரித்துவிட்டார். என் தமிழ் இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒருநாள் காலை ஆள் கூட்டம் இல்லை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கல்லூரிக்குப் படிக்கப் போகாமல் போனது எப்படி என்று கேட்டேன். ஐயா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மேடைக் குரல் இல்லாமல் சொன்னார்.

அவர் பள்ளிக்கூடத்தில் பெரிய கபடி ஆட்டக்காரர். பாடிப் போனால் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார். பள்ளி இறுதியில் தேறியதும் கும்பகோணத்தில் கல்லூரியில் சேர இடம் கிடைத்தது. மாற்றுச் சான்றிதழ் வேண்டும். தலைமையாசிரியர் தரவில்லை. மாவட்டப் போட்டி வருகிறது, அது முடியட்டும் என்றார். அப்பா போய்க் கேட்டார். அப்பாவை உட்கார வைத்துக் காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். போட்டி நடந்தது, பள்ளி ஜெயித்தது, தலைமையாசிரியர் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். மறுநாள் சான்றிதழை வாங்கிக்கொண்டு கும்பகோணம் போனால் சேர்க்கை முடிந்திருந்தது.

"காலேஜு கேட்டுப் பக்கத்துல நின்னேம்மா. உள்ள வேட்டி கட்டிக்கிட்டு நம்ம வயசுப் பசங்க போறாங்க. வாட்ச்மேன் என்ன வேணும்னான். சும்மா பாக்க வந்தேன்னேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். கூடவே மனதுக்குள் ஒரு குதூகலமும் வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். காகிதத்தைப் பிடித்து வைத்தால் ஆள் என்ன ஆவான் என்பது இவரைவிட யாருக்குத் தெரியும்? அன்றைய பொழுது முழுக்க உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை எழுதினேன். அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. கல்லூரி வாசலில் நின்ற அந்தப் பையனை மட்டும் எழுதினேன். நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

மறுநாள் வாசித்துக் காட்டினேன். ஐயா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இங்க வா, இத வந்து கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார். இரண்டாம் முறை வாசித்தேன், இரண்டாம் முறையும் அழுதார். அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "ஐயா, என்னோட சர்ட்டிபிகேட்டும் அப்படித்தான் பீரோவுல..." என்று மெல்ல எடுத்தேன்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பாசத்தோடு பார்த்தார். "அந்த ஹெட்மாஸ்டர் மேல எனக்குக் கோவமே இல்லம்மா. அவர் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். நல்ல ஆட்டக்காரன யாராச்சும் விட்டுக் குடுப்பாங்களா? நீங்க எழுதுறதப் பாத்ததும் எனக்கு அதான் தோணுச்சு."

நான் எழுதிய தாள்களை அப்படியே வாய்க்காலில் விட்டெறிந்துவிட்டுப் போகலாம் போல இருந்தது. எறியவில்லை. காபி வந்தது, குடித்தேன். நன்றாகத் தொலைத்துக் கட்டினாய் என்று என்னையே திட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். சுமாராக எழுதியிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ.

பவள விழா கல்லூரி மைதானத்தில். மழை விட்டும் தூவானம் விடவில்லை. பந்தல் துணியில் தேங்கிய தண்ணீரைப் பியூன்கள் கம்பால் தள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். தொகுத்து வழங்கியது நான்தான். வாழ்க்கை வரலாற்றை எழுதியவளைத் தவிர வேறு யாரை விடுவார்கள்? பொன்னாடைகள் வந்துகொண்டே இருந்தன. வர்த்தகர் சங்கம், அரிசி ஆலை உரிமையாளர்கள், மீனவர் கிராமத்திலிருந்து வண்டி பிடித்து வந்தவர்கள். ஒருவர் போர்த்தினார், வாங்கி மடித்தார்கள், அடுத்தவர். மலரை வெளியிட்டார்கள். சென்னைப் பெரியவர் என்னைப் பார்த்து, "பிரமாதம்மா" என்றார். கையில் மைக், நாளைக்குச் சரிபார்ப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வயிற்றெரிச்சலில் வாய் பேசியது.

"அடுத்ததாக, நம் கல்லூரித் தமிழ்த்துறை ஆசிரியை ஒருவர் அரசுப் பணிக்குத் தேர்வாகியிருக்கிறார். அவருடைய அசல் சான்றிதழ்களை நம் கல்விக் காவலர் ஐயா அவர்கள் தம் பொற்கரங்களால் வழங்கி, வாழ்த்தி, வழியனுப்பி வைப்பார்கள்."

கூட்டம் கைதட்டியது. முன் வரிசையில் மேலாளர் வாயைப் பிளந்தார். இரண்டாம் வரிசையிலிருந்த வேதியியல் தோழி கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஐயா ஒரு கணம்தான் என்னைப் பார்த்தார். பிறகு மேலாளருக்குக் கையைக் காட்டினார். மேலாளர் ஓடினார். அந்த இடைவெளியில் ஐயா எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒருத்தர் குடுக்கல" என்று ஆரம்பித்தார். நான் எழுதிய அத்தியாயத்தை என்னைவிட நன்றாகச் சொன்னார். கேட்டு வாசல், வேட்டி கட்டிய பையன்கள், வாட்ச்மேன், எல்லாம் வந்தன. "அன்னைக்கு நான் சத்தியம் பண்ணினேன். நாம பெரிய ஆளானா எவனோட காயிதத்தையும் புடிச்சு வக்கக் கூடாதுன்னு." பந்தல் அதிர்ந்தது. தூணோரம் நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நேற்றுவரை இல்லாத சத்தியம், கண்ணெதிரே பிறந்தது. சொல்லும்போது அவருக்கும் கண்ணில் நீர் வந்தது. நடிப்பு இல்லை. அந்த நேரத்தில் அவர் அதை நம்பினார்.

மேலாளர் மூச்சு வாங்க வந்தார். சிவப்பு வெல்வெட் உறை, கல்லூரிச் சின்னம், தங்கக் கலர் நாடா. ஐயா எடுத்துக் கொடுத்தார், நான் குனிந்து வாங்கினேன். போட்டோக்காரர் இன்னொன்று, இன்னொன்று என்றார். உறையின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை என் கையிலும் இருக்க, இருவரும் சிரித்துக்கொண்டு நின்றோம். மைக்கைக் கல்லூரித் துணை முதல்வரிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். நாடாவை அவிழ்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

மேலாளர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "மேடையில என்னைக்கு மேடம் உள்ள வச்சுக் குடுத்துருக்கோம்? பட்டமளிப்பு விழாவுக்கு எல்லாம் வெறும் கவர்தானே? நீங்கதான வருசா வருசம் மைக்குல பேரு வாசிக்கிறீங்க. அசல பசங்க அப்புறமா கவுன்ட்டர்ல வாங்கிக்குவாங்க."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் வாங்குவது வெறும் உறைதான். மழையில் நனையும், கூட்டத்தில் மாறிப்போகும் என்று நாடு முழுக்க அதுதான் வழக்கம். "அப்போ நானும் கவுன்ட்டருக்கு வர்றேன், குடுங்க" என்றேன். "அதுக்கு ஐயா சொல்லணுமே" என்றார் அவர்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே மேடைக்குப் போனேன். சென்னைப் பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். ஐயாவின் நாற்காலிக்கு முன்னால் குனிந்து உறையைத் திறந்து பிடித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, காலியா இருக்கு?"

"ஆமாங்கய்யா. காலியாத்தான் குடுத்தீங்க."

"நான் குடுத்தேனே. அவ்வளவு பேரும் பாத்தாங்களே."

அவர் முகம் சிறுத்துப்போனது. பொய் சொல்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை, நானே அவருக்கு வேண்டிய அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தெரியாமல் பொய் சொன்னவராகிவிட்டது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். எழுந்துவிட்டார். பேசிக்கொண்டிருந்தவர் திகைத்து நிறுத்த, "நீங்க பேசுங்க, பேசுங்க" என்று கும்பிட்டுவிட்டுத் தூறலில் இறங்கி நடந்தார். தலையில் துண்டு. மேலாளர் குடையோடு பின்னால் ஓட, அதற்கும் பின்னால் நான்.

அலுவலகத்தில் யாரும் இல்லை. சாவியை வாங்கி அவரே பீரோவைத் திறந்தார். தட்டுத் தட்டாகப் பழுப்பு உறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன போட்டோ. எல்லோரும் வேலைக்குச் சேர்ந்த வயதில் எடுத்தது, ஒருத்தருக்கும் நரை கிடையாது. என்னுடையதை மேலாளர் உருவினார். அதற்கு அடியில் என் வேதியியல் தோழி, நீளச் சடையோடு, சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐயா என் உறையை வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு தாளாக மேசையில் வைத்தார். மதிப்பெண் பட்டியல்களைத் தள்ளிவிட்டு ஒரு தாளில் நின்றுவிட்டார். பல்கலைக்கழக முத்திரையைக் கட்டை விரலால் தடவினார். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"டிகிரின்னா இதானா?"

"ஆமாங்கய்யா."

"எத்தன பேருக்குக் குடுத்திருக்கேன்! தொட்டுப் பாத்ததில்லம்மா." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நடுவுல உங்க பேர இவ்வளவு பெருசா போட்டிருக்கானே."

நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். கொடுக்காமலேயே போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது, எழுபத்தைந்து வயதில் ஒரு மனிதர் இப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று பரிதாபமாகவும் இருந்தது. மைதானத்தில் ஒலிபெருக்கி ஐயாவை மேடைக்கு அழைத்தது. அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி, உறையில் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். போட்டோக்காரர் இல்லை. "நல்லா இருங்கம்மா" என்றார். காலில் விழுந்தேன். விழ வேண்டும் என்றுதான் தோன்றியது.

எழுந்தபோது அவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அப்படி இளகியிருந்தது. இப்போது கேட்டால் மற்றவர்களுடையதும் வரும் என்று எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. தோழியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஐயா மேலாளர் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, எவ்வளவு பெரிய பொருளு, இப்படியா போட்டு வப்பாங்க? ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் கவர்ல போடு. ஈரம் படக் கூடாது." கதவை அவரே சாத்தினார். பூட்டினார். பிடியை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் தஞ்சாவூரில் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, "நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்களே, ஒரு மடிப்புகூட இல்ல" என்று பாராட்டினார். வேலை கிடைத்தது. ஐயாவும் நானும் வெறும் உறையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் கல்லூரியின் சேர்க்கைத் தட்டியில் ஏறியது. அதைக் கையோடு போட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, வேதியியல் தோழி போன் செய்தாள்.

"ஐயா நேத்து நேர்லயே வந்து நின்னு ஏற்பாடு பண்ணிட்டுப் போனாருடி" என்றாள். "இப்ப பீரோவுக்கு ரெண்டு பூட்டு."